குமாவுன் மலையில் ஹெம்ப் சாகுபடி: விதையிலிருந்து நார் வரை

உத்தராகண்டின் குமாவுன், கர்வால் மலைகளில் பாங் என்று அழைக்கும் கஞ்சாச் செடியை யாரும் நட்டு வளர்க்க வேண்டியதில்லை. மாட்டுத் தொழுவத்தின் பின்புறம், சாலையோரம், கைவிட்ட வயல் என்று எரு விழுந்த இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் தானாகவே வளர்ந்து நிற்கும். அதே மலையில் முறையாக உரிமம் எடுத்து, விதைக்கு நல்ல விலை கொடுத்து ஹெம்ப் (நாருக்கும் விதைக்கும் வளர்க்கும், போதை குறைந்த கஞ்சா வகை) போடுபவர்களுக்கு இரண்டு விதமான அடி விழுகிறது. ஒன்று, செடி இடுப்பளவிலேயே பூத்து நின்றுவிடும். இல்லையென்றால் நன்றாக வளர்ந்து, ஆய்வகப் பரிசோதனையில் தோற்று, மொத்தப் பயிரையும் அழிக்கச் சொல்வார்கள். இரண்டுமே விதையில் தொடங்கும் சிக்கல்கள். குளிர், சரிவு, மழை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. விதையில் தவறினால் அந்த ஆண்டை மீட்க முடியாது.

முதலில் சட்டம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நார், விதை எடுக்கும் தொழில் தேவைக்கும் தோட்டக்கலைக்கும் மட்டும் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்கிறது. அந்தக் கதவை இந்தியாவில் முதலில் திறந்த மாநிலம் உத்தராகண்ட். 2018-இல் வணிகச் சாகுபடிக்கு உரிமம் கொடுத்தது. டி.எச்.சி., அதாவது போதை தரும் பொருள், 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பக்கத்து இமாச்சலத்தில் 2024 செப்டம்பரில்தான் சட்டமன்றம் இதற்கான தீர்மானத்தை ஏற்றது. தமிழ்நாட்டில் இப்படி ஓர் அனுமதி கிடையாது. ஆகவே கொடைக்கானலிலோ ஊட்டியிலோ நிலம் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளப் படிக்கலாம், செய்து பார்க்கக் கூடாது. நம்மூர் விதைக்கடையில் பசுந்தாள் உரத்துக்குக் கிடைக்கும் சணப்பை வேறு செடி. அதற்கும் இதற்கும் உறவே இல்லை.

இனி விதை. ஹெம்ப் குறும்பகல் செடி. பகல் நீளமாக இருக்கும் வரை உயரமாக வளரும். பகல் குறைந்து ஓர் எல்லைக்குக் கீழே போனதும் வளர்ச்சியை நிறுத்திப் பூவுக்குத் திரும்பும். ஐரோப்பிய ரகங்களுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 14 மணி நேரம். பாரிஸ் பக்கம் ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். குமாவுனின் அல்மோரா நகரம் இருப்பது 29.6 டிகிரி வடக்கில். அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 14 மணி நேரம்தான். ஃபியூச்சுரா 75 போன்ற பிரெஞ்சு ரகத்தை மே மாதம் அங்கே விதைத்தால், முளைத்து நாலைந்து வாரத்தில் "பகல் குறைந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு பூக்க ஆரம்பித்துவிடும். எவ்வளவு எரு போட்டாலும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அதற்குமேல் உயரம் வராது. நார் தண்டில் இருக்கிறது. தண்டே இல்லாத பயிரில் நாரை எங்கே தேடுவது? ஃபின்லாந்தின் ஃபினோலா ரகம் எங்கே போட்டாலும் குட்டையாகத்தான் வளரும். அது விதைக்கான ரகம். நாருக்கு அதை வாங்கவே வேண்டாம்.

உள்ளூர் பாங் அந்தப் பகல் நீளத்துக்குப் பழகியது. ஆகஸ்ட் வரை வளர்ந்து, பிறகு பூத்து, பனி இறங்கும் முன் விதை முற்றிவிடும். ஆனால் அதன் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் நிற்காது. அல்மோரா கடைவீதியில் சட்னிக்கு விற்கும் பாங் விதையை வாங்கி உரிம நிலத்தில் தூவுவது பயிரைக் கையோடு இழக்கும் வழி. சமையலுக்கு அந்த விதையில் குற்றம் எதுவும் இல்லை. முளைக்க வைத்தால் வருவது சட்டம் தடுக்கும் செடி. (பங்ஜீரா என்று அதே கடையில் விற்பது பெரில்லா, புதினாக் குடும்பம். பெயரை வைத்து ஏமாற வேண்டாம்.)

ஆக, தேட வேண்டியது தாழ்ந்த அட்சரேகையில் உருவான, டி.எச்.சி. குறைந்த ரகம். சீனாவின் யுன்னான் மாகாணம் ஏறத்தாழ 21 முதல் 29 டிகிரிக்குள் அமைந்த மலைநாடு. அங்கே உருவாக்கிய யுன்மா வரிசை ரகங்கள் இந்தப் பொருத்தத்துக்கு நல்ல உதாரணம். உள்ளூர் வகைகளிலிருந்து தேர்ந்தெடுத்து டி.எச்.சி.யைக் குறைத்த விதை கிடைத்தால் அதைவிடச் சிறப்பு. விதை விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை சதவீதம்?" என்பதல்ல. "எந்த அட்சரேகையில், எந்த மாதம் விதைத்து, எந்த மாதம் பூத்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். சான்றிதழ் அதற்குப் பிறகு.

நல்ல விதை கிடைத்தாலும் மறு ஆண்டுக்குச் சொந்த வயலில் விதை எடுத்து வைப்பது மலையில் ஆபத்து. ஆண் செடி, பெண் செடி தனித்தனி; மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் போகும். சான்று விதை உற்பத்திக்குக் கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி கேட்பது அதனால்தான். சுற்றிலும் காட்டு பாங் நிற்கும் மலையில் அந்த இடைவெளி எங்கே கிடைக்கும்? போதை வகையின் மகரந்தம் விழுந்து உண்டான விதையில் வரும் அடுத்த தலைமுறைச் செடியில் டி.எச்.சி. இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும், 0.3 என்ற கோட்டை ஒரே தலைமுறையில் தாண்டிவிடும். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கிக் காற்று வீசுவது மலைகளில் வழக்கம். ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்ப்பதும் பகலில். ஆகவே சரிவின் மேல்பக்கம் இருக்கும் வயலுக்குக் கீழே ஆற்றோரத்தில் நிற்கும் காட்டுச் செடிகள்தான் பெரிய தொல்லை. வயலைச் சுற்றி 300, 400 மீட்டருக்குள் இருப்பதையாவது ஜூலைக்குள், பூக்கும் முன், வேரோடு பிடுங்கிவிடுங்கள். முழுப் பாதுகாப்பு கிடைக்காது, கலப்பு குறையும். விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்குவதே சரி. இந்த ஆண்டு விழும் மகரந்தம் இந்த ஆண்டுச் செடியின் டி.எச்.சி.யை உயர்த்தாது, அது சேர்வது விதைக்குள்தான்.

நிலத்துக்கு வருவோம். உத்தராகண்ட் மலைக்கணக்கு நாலி. 50 நாலி ஒரு ஹெக்டேர், ஒரு நாலி 200 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட 5 சென்ட். கீழே வரும் அளவெல்லாம் ஒரு நாலிக்கு.

1,200 முதல் 1,800 மீட்டர் உயரம் வசதி. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் 6 டிகிரிக்குச் சற்று மேல் குறையும். 2,000 மீட்டருக்கு மேல் போனால் மண் சூடாவது தாமதம், பனி விழுவது சீக்கிரம், விதை முற்ற நாள் போதாது. தென்கிழக்கு பார்த்த சரிவு கிடைத்தால் விடாதீர்கள். காலை வெயில் பட்டதும் பூங்கொத்தின் பனி காய்ந்துவிடும், பூசணம் குறையும். வடக்குச் சரிவில் ஈரம் நிற்கும். நாருக்கு ஓரளவு சரி, விதைக்கு வேண்டாம். மண்ணின் பி.எச். 6 முதல் 7.5 வரை இருக்கட்டும். பைன் மரக்காட்டை ஒட்டிய புளித்த மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு தேவைப்படும்.

முந்தைய போகம் என்ன என்று பாருங்கள். ராஜ்மாவும் கடுகும் போட்ட நிலத்தில் வெள்ளைப் பூசணத் தண்டழுகல் மண்ணில் காத்திருக்கும். ஹெம்ப்பும் அதற்கு இரைதான். கேழ்வரகு, குதிரைவாலி, கோதுமை இவற்றுக்குப் பின் போடுவது பாதுகாப்பு.

அடியுரமாக நன்றாக மக்கிய தொழுவுரம் 250 கிலோ. "நன்றாக மக்கிய" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பச்சைச் சாணம் போட்டால் வண்டு முட்டையிட்டு வேர்ப்புழு பெருகும். மலையில் மானாவாரிப் பயிர்களைத் தின்று தீர்ப்பது அதுதான். செடி நட்டநடுவில் வாடி, இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வரும். நார்ப்பயிருக்குத் தழைச்சத்து மொத்தம் 2 கிலோ அளவு வேண்டும். தொழுவுரத்திலிருந்து முதல் ஆண்டில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மீதிக்கு யூரியா 2 கிலோவை, செடி முழங்கால் உயரம் வந்ததும் ஒரே தடவையில் மேலுரமாக இடலாம். இயற்கை முறை என்றால் 250 என்பதை 400 கிலோவாக்கி, விறகுச் சாம்பல் 15, 20 கிலோ சேருங்கள். சாம்பல்சத்து தண்டை உறுதியாக்கும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் தண்டு கொழுத்து, நார் முரடாகி, முதல் பலத்த காற்றில் சாய்ந்துவிடும்.

விதைப்புக்குக் காலம்தான் முக்கியம். மண் காலையில் 10 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆனால் ஜூன் இறுதி வாக்கில் பருவமழை பிடிப்பதற்கு 5 வாரம் முன்பே செடி முளைத்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. ஐந்து வாரத்தில் இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிலத்தை மூடிவிடும். மழையோடு கிளம்பும் களை அந்த நிழலில் எழாது. ஜூனில் விதைத்தால் களைக்குள் ஹெம்ப்பைத் தேட வேண்டியிருக்கும். மே மாத ஆலங்கட்டி மழை ஒரு கவலைதான். இரண்டு இலைப் பருவத்தில் அடிபட்டால் மீளாது; நாலைந்து ஜோடி இலை வந்த பின் நுனி முறிந்தால் பக்கக் கிளை விட்டுப் பிழைக்கும், நார்த் தரம் மட்டும் குறையும்.

நாருக்கு விதை 1 கிலோ. 15 சென்டிமீட்டர் வரிசையில் நெருக்கமாக. நெருக்கம்தான் கிளையைத் தடுத்துத் தண்டை நேராக, மெல்லிதாக வளர்க்கும். விதைக்காகப் போடுவதானால் 40 சென்டிமீட்டர் வரிசை, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். கையால் குழிக்கு இரண்டாகப் போட்டால் 200 முதல் 250 கிராம் போதும், முளைத்த பின் ஒன்றைக் கலைத்துவிடலாம். ஆழம் 2 சென்டிமீட்டர், அதிகம் போனால் 3. விதைத்த மறுநாள் அடைமழை பெய்து வெயில் அடித்தால் மண் மேல் ஓடு கட்டும். முளை அடியிலேயே வளைந்து செத்துவிடும். கையில் முள்வாரியோடு போய் மெதுவாக அந்த ஓட்டை உடைத்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் பாதி வயல் சொட்டையாகும்.

முதல் மூன்று வாரத்துக்கு எதிரிகள் இருவர். பகலில் புறா, இரவில் வெட்டுப்புழு. காலையில் நாற்று தரையோடு அறுத்துப் போட்டதுபோல் கிடந்தால், அதன் அடியில் இரண்டு விரல் ஆழம் கிளறுங்கள். சாம்பல் நிறப் புழு சுருண்டு கிடக்கும். கையால் பொறுக்குவதே பலன் தரும். குரங்கும் காட்டுப்பன்றியும் இந்தப் பயிரைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மலை விவசாயிகள் ஹெம்ப் பக்கம் திரும்ப இது ஒன்றே போதுமான காரணம். கோதுமையையும் உருளையையும் அவற்றிடம் இழந்து சலித்தவர்கள் அவர்கள்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வடிகால். ஹெம்ப் வறட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. படி வயலில் தண்ணீர் தேங்குவது பின்சுவரின் அடியில். மேல் படியிலிருந்து கசியும் நீர் அங்கேதான் இறங்கும். ஜூன் தொடக்கத்திலேயே அந்தச் சுவரடியில் ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழத்தில் ஓடை எடுத்து, பக்கவாட்டில் புல் தரைக்கு விட்டுவிடுங்கள். 100 அடிக்கு 1 அடி இறக்கம் போதும். முன்விளிம்பு வழியாக வழியவிட்டால் கல்கட்டு சரியும், கீழ்ப் படியும் சேர்ந்து போகும். ஓடை அடைத்திருக்கிறதா என்று செடியே சொல்லும். பின்வரிசை மட்டும் வெளிறி, அடியிலை மஞ்சளாகத் தொங்கும். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் மிஞ்சும். அந்தச் செடி தேறாது. ஓடையைத் திறந்தால் அடுத்த வரிசை தேறும்.

செப்டம்பரில் பூங்கொத்துக்குள் சாம்பல் பூசணம் வரும். வெளியே ஒரு சிறு இலை மட்டும் காரணமில்லாமல் காய்ந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத் தூள். அந்தத் தலையை வெட்டிப் பையில் போட்டே வெளியே கொண்டுபோங்கள், உதறிக்கொண்டே நடந்தால் வயல் முழுக்கப் பரவும். தண்டில் வெள்ளைப் பஞ்சு, உள்ளே எலிப்புழுக்கை போன்ற கறுப்புத் துகள்கள் என்றால் அது தண்டழுகல். வேரோடு எடுத்து எரிக்க வேண்டும்.

பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது பூப் பருவத்தில், பெண் செடியின் நுனிப் பகுதியிலிருந்து. பூ முற்ற முற்ற டி.எச்.சி. ஏறும் என்பதை மறக்காதீர்கள். நார் ரகங்களில் சி.பி.டி. என்னும் போதை தராத பொருளும் டி.எச்.சி.யும் ஏறத்தாழ 20-க்கு 1 என்ற விகிதத்தில் சேர்ந்தே கூடும், 0.3 ரகம் என்று வாங்கியதுகூடத் தாமதமாக மாதிரி எடுத்தால் கோட்டைத் தாண்டலாம். பூ தொடங்கியதுமே உரிமம் கொடுத்த துறைக்கு எழுதித் தேதி கேளுங்கள். அழைப்பு வரும் என்று காத்திருப்பது விவசாயிக்குத்தான் நஷ்டம்.

நாருக்கு அறுவடை, ஆண் செடிகள் மகரந்தம் உதிர்க்கும் நேரம். தண்டைத் தட்டினால் மஞ்சள் தூள் பறக்கும். அந்த வாரத்தில் அறுத்தால் நார் மென்மை. விதை முற்றும் வரை விட்டால் தண்டு மரமாகிவிடும், அந்த நார் கயிற்றுக்கும் சாக்குக்கும்தான். விதைக்கென்று வைத்த பயிரில் மகரந்தம் உதிர்ந்து முடியும் வரை ஆண் செடியைத் தொடக் கூடாது, தொட்டால் விதை பதராகும். உதிர்த்து முடித்ததும் அது தானே காயத் தொடங்கும். அப்போது பிடுங்கித் தனியாகக் கட்டி வையுங்கள், வயலிலேயே மெல்லிய நார் அதில்தான் இருக்கிறது.

அறுத்ததை மூன்று நாலு நாள் வயலில் போட்டு இலையை உதிர்த்து, கைப்பிடி அளவுக்குச் சற்றுப் பெரிய கட்டாகக் கட்டி ஊறப்போட வேண்டும். பழைய வழக்கம் மலை நீரோடையில் போடுவது. அதை விடுங்கள். ஊறும் தண்டு தண்ணீரின் பிராணவாயுவை இழுத்துவிடும். கீழே மீன் சாகும், நௌலா என்னும் ஊற்றுக்கிணறு பக்கத்தில் இருந்தால் ஊரின் குடிநீரே கெடும். தார்ப்பாய் விரித்த குழியில், ஒரு கிலோ காய்ந்த தண்டுக்கு 20 லிட்டர் கணக்கில் நீர் விட்டால் போதும். முடிந்ததும் அந்த நீரைத் தரிசு நிலத்தில் பாய்ச்சலாம். அடித்தண்டு தடிமன், நுனி மெல்லிது. எல்லாவற்றையும் ஒன்றாக முக்கினால் அடி ஊறுவதற்குள் நுனி அழுகிவிடும். முதல் இரண்டு நாள் கட்டுகளை நிறுத்தி வைத்து அடிப்பகுதியை மட்டும் ஊறவிட்டு, பிறகு படுக்க வைத்துக் கல் ஏற்றுங்கள்.

தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் 8 முதல் 12 நாள். அக்டோபர் மலைத்தண்ணீர் 12, 15 டிகிரி என்றால் மூன்று வாரம்கூட ஆகலாம். நாளை எண்ணாதீர்கள், தண்டைப் பாருங்கள். ஆறாம் நாளிலிருந்து தினமும் நடுக்கட்டிலிருந்து ஒரு தண்டை எடுத்து மத்தியில் ஒடியுங்கள். உள்ளிருக்கும் குச்சி 'படக்' என்று முறிந்து, ஒரு சாண் நீளத்துக்கு நாரை விட்டு வழுக்கி வெளியே வந்தால் பதம். குச்சித் துணுக்கு நாரோடு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் இரண்டு நாள். நாரே கையில் வழவழத்து, இழுத்தால் அறுந்தால் நேரம் கடந்துவிட்டது. அதை மீட்க வழியில்லை. எடுத்ததும் ஓடும் நீரை மொண்டு அலசி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்துங்கள். நல்ல பயிரில் ஒரு நாலிக்கு 80 முதல் 120 கிலோ காய்ந்த தண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு நார்.

விதைப்பயிரில் கொத்தின் அடியிலிருந்து மேலாக முற்றும். நூற்றுக்கு 70 விதை பழுப்பாகிக் கோடு விழுந்ததும் அறுத்துவிட வேண்டும். முழுவதும் முற்றக் காத்திருந்தால் முதலில் முற்றியதைக் குருவியும் மண்ணும் எடுத்துக்கொள்ளும். தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, தார்ப்பாயில் அடித்து, முறத்தில் புடைத்து எடுங்கள். மிஞ்சும் பூங்கொத்துக் கழிவு சட்டத்தின் கண்ணில் கஞ்சாதான். அதை வீட்டில் வைத்திருக்காதீர்கள், தொழுவத்திலும் போடாதீர்கள். உரிமத்தில் சொன்ன முறைப்படி அழித்து, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மானாவாரியில் ஒரு நாலிக்கு 8 முதல் 12 கிலோ விதை வந்தால் திருப்தி.

ஈரப்பதம் 9 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை நிழலில் காயவிடுங்கள். பல்லில் கடித்தால் நசுங்காமல் தெறித்து உடைய வேண்டும். உணவுக்கு விற்பதானால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் வைத்த வரம்பு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் டி.எச்.சி. விதைக்குள் அது இருப்பதில்லை. மேலே ஒட்டிய பிசினில்தான் இருக்கிறது. ஆகவே கழுவி, உடனே மறுபடி உலர்த்திவிடுங்கள். எண்ணெய் ஆட்டுவதாக இருந்தால் செக்கு சூடேறாமல் மெதுவாக ஓடட்டும், கறுப்புக் குப்பியில் நிரப்பிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒமேகா கொழுப்பு மிகுந்த எண்ணெய் என்பதால் வெளிச்சம் பட்டால் சில வாரத்திலேயே சிக்கு வாடை வந்துவிடும். தாளிக்கவும் பொரிக்கவும் உதவாது. சோற்றிலோ சட்னியிலோ பச்சையாக ஊற்றிக்கொள்ளத்தான்.